கத்திக்காரம்மா நிறுத்திவைத்த அறிக்கை

திசு ஆய்வகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வுபெறும் முதுநிலைத் தொழில்நுட்பர் அம்மையாருக்கு, உடன் பணியாற்றியோர் வாசித்தளிக்கும் மடல்

மயிரிழையினும் மெல்லிதாகத் திசுவைச் சீவும் மாயக் கைக்காரரே! திசுவைப் பதிக்கும் மெழுகுக் கட்டியின் மனமறிந்தவரே! அவசரம் என்று யார் வந்து நின்றாலும் அசையாத அம்மையாரே! வணக்கம்.

உங்களை நாங்கள் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. நாளெல்லாம் வெட்டுக்கருவியின் முன் அமர்ந்திருப்பதால் கத்திக்காரம்மா ஆனீர்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்தப் பெயரைக் கேட்டுப் பயந்தார்கள். உங்களைப் பார்த்துத் தெளிந்தார்கள். நீங்கள் வாயைத் திறந்ததும் மறுபடி பயந்தார்கள். "மூச்சை அடக்குப்பா. நீ விடுற மூச்சுல ஒரு நோயாளி பறந்துடுவாரு" என்பது நீங்கள் கற்பித்த முதல் பாடம்.

உங்கள் சிறப்புகளைப் பட்டியலிட்டு எழுதத்தான் உட்கார்ந்தோம். எழுதியதைப் படித்தால் அது யாருக்கும் பொருந்தும்போல் இருந்தது. எனவே கிழித்துவிட்டு, ஒரே ஒரு நாளைச் சொல்கிறோம்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், நம் அறிக்கைகளைத் தட்டச்சு செய்பவள், நாம் எல்லோரும் தங்கச்சி என்றே கூப்பிடுபவள், அவளுடைய அக்காவுக்கு மார்பில் கட்டி. திசு நம்மிடமே வந்தது. வேகமாகப் பெருகும் புற்றுநோய் என்பது முதல் பார்வையிலேயே தெரிந்தது. இத்தகைய நோயில் மேற்கொண்டு என்ன ஆகும், எந்த மருந்து கைகொடுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல மூன்று குறியீடுகளைப் பார்ப்போம். இரண்டு, ஹார்மோன் மருந்துக்கு நோய் இணங்குமா என்று காட்டுபவை. மூன்றாவது, ஹெர்-டூ என்னும் புரதம். அது மிகுந்திருந்தால் ஒவ்வொரு செல்லையும் சுற்றிப் பழுப்பு வலை தெரியும், அதற்கென்றே மருந்தும் உண்டு. மூன்றுமே இல்லையென்றால் குறிவைத்துத் தாக்கும் வழிகள் குறைந்துபோகும்.

மூன்றும் இல்லை என்றே வந்தது. மருத்துவர் கையெழுத்திடப் பேனாவைத் திறந்துவிட்டார். வாசலில் தங்கச்சி நின்றிருந்தாள்.

நீங்கள் திசு ஒட்டிய கண்ணாடிச் சில்லை ஒளிக்கு நேரே தூக்கிப் பார்த்தீர்கள். பிறகு, "ஐயா, கொஞ்சம் நகருங்க" என்று நுண்ணோக்கியில் கண்ணை வைத்தீர்கள்.

"கட்டிக்குப் பக்கத்துல இருக்குற நல்ல பால்குழாயப் பாருங்கய்யா. ஹார்மோன் சாயம் இதுலயாவது பிடிச்சிருக்கணும். நல்லதே பிடிக்காதப்ப, கெட்டது பிடிக்கலங்கறத எப்படி நம்புறது?"

"சாயங்காலம் அறுவை மருத்துவர் அறிக்கை கேப்பாரேம்மா."

"கேக்கட்டும். என்னையே திட்டச் சொல்லுங்க."

தங்கச்சி அழுதுவிட்டாள். "எதுவா இருந்தாலும் இன்னைக்கே சொல்லிடுங்கக்கா. தாங்க முடியல."

"சொல்றேன்டி. ஆனா பொய்யச் சொல்ல மாட்டேன்" என்று அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டு, நேரே பிரஷர் குக்கரிடம் போனீர்கள். சாயம் ஏற்றுமுன் சில்லுகளை அதில்தானே வேகவைக்கிறோம்! "இன்னைக்கு இது கத்தவே இல்லயே" என்று மூடியைத் திருப்பினால், உள்ளே ரப்பர் வளையம் கிழிந்திருந்தது. ஆவி ஒழுகியதில் சில்லுகள் வேகவே இல்லை. சாயம் ஒட்டவே இல்லை.

அதை நாங்களே முதலில் கண்டுபிடித்திருக்கலாம். விடை ஏற்கெனவே தெரிந்த திசுவையும் ஒவ்வொரு முறையும் சேர்த்து வேகவைக்க வேண்டும் என்பது உங்கள் விதி. அதற்கு 'சாட்சி' என்று பெயரும் வைத்திருந்தீர்கள். சாட்சிச் சில்லு தீர்ந்திருந்தது. ஒரு தடவைதானே என்று விட்டவர்கள் நாங்கள். யார் என்று நீங்கள் கேட்கவில்லை. பாத்திரக் கடைக்குப் போய்ப் புது வளையம் வாங்கி வந்து, சாட்சிச் சில்லையும் சீவி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனீர்கள்.

மறுநாள் குக்கர் கத்தியது. நல்ல பால்குழாய்கள் பழுப்பேறி நின்றன. புற்றுச் செல்களில் ஹார்மோன் குறியீடுகள் இல்லைதான். ஆனால் மூன்றாவது சில்லில், செல்லுக்குச் செல் பழுப்பு வலை!

"அம்மா, இருக்கு" என்றார் மருத்துவர். காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்த நீங்கள் அப்போதுதான் முக்காலியில் உட்கார்ந்தீர்கள்.

"நல்லதாக்கா, கெட்டதாக்கா?"

"வேகக்காரிதான். ஆனா பிடிக்க ஆள் இருக்கு, போ."

அம்மையாரே! கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து எத்தனையோ பேரைக் காத்தீர்கள். அவர்களில் ஒருவர் முகத்தையும் நீங்கள் பார்த்ததில்லை. மெழுகும் சாயமும் இனி உங்களைத் தேடட்டும். நீங்கள் எதையும் தேடாமல், நோயின்றி, நிறைய தூங்கி, நெடுநாள் வாழுங்கள். போகுமுன் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். மூன்றாம் வரிசை, சன்னலோரம். மருந்து முடிந்து ஐந்தாம் ஆண்டுப் பரிசோதனையும் நலமாய்த் தேறியவர், தங்கச்சியின் அக்கா, சொல்லச் சொன்னதால் சொல்கிறோம்: அவர்தான் உங்களைப் பார்க்க வந்திருக்கிறார்.

இப்படிக்கு,
குக்கர் கத்தும்வரை காத்திருக்கக் கற்றுக்கொண்ட
திசு ஆய்வகப் பணியாளர்கள்

தட்டச்சு: தங்கச்சி. இந்த முறை அழவில்லை அக்கா.