ஒரு சாண் உயரம்

மாமா சாப்பிடும்போது சத்தமே வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மச்சான், உங்கள் அப்பாவிடம் நான் குறை மட்டுமே பார்க்கிறவன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார். செய்தித்தாளை மடிப்புக் கலையாமல் திருப்பித் தருவார். காலையிலிருந்து அவரைக் காணோம் என்று உங்கள் தங்கை அடுப்படியில் அழுதுகொண்டிருக்கிறாள். நீங்களும் கடையைப் பாதியில் சாத்திவிட்டு ஓடி வந்திருக்கிறீர்கள். உட்காருங்கள். நிதானமாகக் கேட்டால்தான் என் பக்கத்து நியாயம் புரியும்.

மாமா டிரைவிங் டெஸ்ட் எடுக்கிற அதிகாரியாக இருந்தவர். ஊரில் பாதிப் பேரை ஃபெயில் ஆக்கியவர், என்னையும் சேர்த்து. பெண் கொடுப்பதாக நிச்சயம் செய்த பிறகாவது பாஸ் போட்டிருக்கலாம். "வீட்டுக்குத்தான் நீங்க மாப்பிள்ளை, ரோட்டுக்கு இல்ல" என்று சொல்லி மறுபடியும் வரச் சொன்னார். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

ரிட்டையர் ஆன மறுநாளே என் பிக்கப்பின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "வீட்டுல சும்மா கெடந்தா மூட்டு பிடிச்சுக்கும் மாப்பிள்ளை, கூட வர்றேன்" என்றார். வாஷ்பேசின், கம்மோடு இதையெல்லாம் குடோனிலிருந்து கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவது என் தொழில். உடைகிற சரக்கு, பார்த்துத்தான் ஓட்டுவேன். ஆனாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் மாமா "ம்ஹூம்" என்பார். வேறு ஒரு வார்த்தை பேச மாட்டார். திட்டினால் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம், "ம்ஹூம்" என்பதற்கு என்ன சொல்வது? அவர் காலடியில் பிரேக் கிடையாது. இருந்தும் மிதிப்பார். மிதித்து மிதித்து அந்தப் பக்கத்து ரப்பர் மிதியடியில் ஓட்டையே விழுந்துவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். நான் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். ஒரு நாளாவது பக்கத்தில் ஆள் இல்லாமல் வண்டி ஓட்ட வேண்டும்.

வராதீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். மாமனாரிடம் மரியாதை இல்லாமல் பேச எனக்கு வராது. அதனால் வண்டியை உயர்த்தினேன்.

சஸ்பென்ஷன் மாற்றப் போகிறேன் என்று வீட்டில் சொன்னது பொய் இல்லை. பழைய ஸ்பிரிங்கில் பள்ளத்தில் இறங்கினால் கம்மோடுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ஒர்க்‌ஷாப்பில் விட்டால் ஏன், எதற்கு என்று துருவுவார்கள் என்பதால் வீட்டு ஷெட்டிலேயே வைத்துக்கொண்டோம். நண்பர்கள் மூன்று பேர் வந்தார்கள்: வெல்டர், கணக்கு வாத்தியார், ஒட்டடைக்குச்சி. ஒட்டடைக்குச்சிக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு, அவன் வளர்ந்த வளர்த்தியில் எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள்.

வெல்டர் அடியில் படுத்துப் பார்த்தான். "லோடு தாங்கணும்னா பின்பக்கம் கமான் ஸ்பிரிங்ல ஒரு பட்டை சேர்த்தாப் போதும்டா. முன்பக்கம் எதுக்குத் தூக்கச் சொல்றே?"

"பார்க்க எடுப்பா இருக்கும்" என்றேன்.

"எவ்வளவு?"

கையை விரித்து ஒரு சாண் காட்டினேன்.

"கம்மோடு ஏத்துற வண்டிடா இது. மலை ஏறப் போறியா?" என்றான் வாத்தியார். ஆனாலும் கணக்குப் பார்த்து, செய்யலாம் என்று சொல்லிவிட்டான்.

அந்த ஒரு சாண் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். மாமா மாடிப்படி ஏறும்போதெல்லாம் நானும் பின்னாலேயே ஏறி, முழங்கால் எதுவரை மடங்குகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று பார்த்து வைத்திருந்தேன். விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்ளத்தான் பின்னால் போகிறேன் என்று உங்கள் தங்கைக்கு ஒரே பூரிப்பு.

வேலை நடக்கும்போது மாமா ஷெட்டுக்குள் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். சக்கரங்களைக் கழற்றி, வண்டியை இரும்பு ஸ்டாண்டுகள் மேல் நிறுத்தியாகிவிட்டது. நான் அடியில் படுத்துப் பழைய ஷாக் அப்சார்பரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "ம்ஹூம்" என்று கேட்டது. நான் கண்டுகொள்ளவில்லை. "மாப்பிள்ளை, வெளிய வந்துடுங்க. அந்த ஸ்டாண்டு சாயுது" என்றார். எரிச்சலோடுதான் வெளியே வந்தேன். ஸ்டாண்டு சரிந்து, நான் படுத்திருந்த இடத்தில் வண்டி தொப்பென்று உட்கார்ந்தது.

"ஐயா மட்டும் இல்லேன்னா இவன் கதை முடிஞ்சிருக்கும்" என்றான் வெல்டர். மாமா என் முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். போன உயிர் திரும்பி வந்த மாதிரிதான் இருந்தது எனக்கும், மறைக்கவில்லை. ஆனால் அதிலும் அவர் சொன்னதே சரியாகிவிட்டதே மச்சான். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முடித்து நிறுத்தியபோது வண்டி பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. ஏறிப் பார்க்க ஒட்டடைக்குச்சியை விட்டேன். "சுளுவா ஏற முடியுதேடா" என்றான். அவனை ஏறச் சொன்னதே அதற்காகத்தான். கிளம்பும்போது வெல்டர், "புதுப் பட்டை, பழகுற வரைக்கும் தட்டுற மாதிரி சத்தம் வரும். கண்டுக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இன்று காலை மாமா சலவைச் சட்டை போட்டு, தலை சீவிக்கொண்டு வந்தார். முதல் ஓட்டம் பார்க்க நண்பர்களும் வந்திருந்தார்கள். சரக்கு ஏற்றித் தயாராக இருந்தது. மாமா முன்கதவைத் திறந்து கைப்பிடியைப் பிடித்தார், காலைத் தூக்கினார். கால் படிக்குப் போகவில்லை. மறுபடியும் தூக்கிப் பார்த்தார். நான் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

"வண்டி நல்லா வந்திருக்கு மாப்பிள்ளை. எனக்குத்தான் கால் வரல. பரவால்ல, என்னைப் பின்னாடி ஏத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பின்னாடி என்றால் அப்புறம். பின்னாடி என்றால் பின்பக்கமும்தான். பேசுகிற மொழி அப்படி இருந்தால் அதற்கு நான் என்ன செய்வேன்? சரக்கை இறக்கிவிட்டு வாருங்கள், ஒரு முக்காலி கிடைத்தால் அப்புறம் ஏறிக்கொள்கிறேன் என்பதுதான் அவர் சொன்னது. எனக்கு அது அந்தக் கணமே புரிந்தது. நண்பர்களைக் கூப்பிட்டு, "மாமா பின்பக்கம் வர்றாராம், ஆளுக்கொரு காலைப் பிடிங்கடா" என்றேன். நாற்காலிக் காலைச் சொன்னேன்.

நாலு பேருமாக நாற்காலியோடு தூக்கி மேலே வைத்தோம். "ஐயோ மாப்பிள்ளை, நான் சொன்னது வந்து..." என்று ஆரம்பித்தார்.

"நன்றியெல்லாம் எதுக்கு மாமா, நமக்குள்ள" என்றேன்.

கம்மோடுகளுக்கு நடுவில் நாற்காலியை நிறுத்தி, அவற்றைக் கட்டுகிற கயிற்றாலேயே அவரையும் கட்டினேன். எல்லாம் பாதுகாப்புக்காக. வெயில் படாமல் இருக்கத் தார்ப்பாயை இழுத்து மூடினேன். குலுக்கலில் விழுந்துவிடும் என்று அவருடைய போனை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டேன். புது ஸ்பிரிங்கில் குலுக்கலே இல்லை என்பது வேறு விஷயம்.

ஓட்டினேன் மச்சான். பக்கத்து சீட்டு காலி. ஜன்னலை இறக்கிவிட்டுக் காற்று வாங்கினேன். திருப்பங்களில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ரவுண்டானாவைத் தேவையே இல்லாமல் இன்னொரு சுற்று சுற்றினேன். கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை, இதை உங்கள் தங்கையிடம் சொல்லிவிடாதீர்கள். பின்னால் தட்டுகிற சத்தம் கேட்டது. வெல்டர் சொல்லியிருந்தபடி கண்டுகொள்ளவில்லை. ஒரு தடவை அந்தச் சத்தம் "மாப்பிள்ளை" என்றுகூட வந்தது. புதுப் பட்டை எத்தனையோ விதமாகச் சத்தம் போடும்.

மாமாவின் போன் அடித்தது. உங்கள் பெயர்தான். எடுத்தால் அவரிடம் கொடுக்கச் சொல்வீர்கள், அதனால் எடுக்கவில்லை. அப்புறம் என் போனில் உங்கள் தங்கை வந்து அழுதாள். உடனே வண்டியைத் திருப்பிவிட்டேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

எழுந்திருக்காதீர்கள், முடித்துவிட்டேன். போலீஸுக்கெல்லாம் போக வேண்டாம். மாமா நம் வாசலில்தான் இருக்கிறார். மர நிழல்தான். தண்ணீர் பாட்டிலும் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறது. நீங்கள் உள்ளே வரும்போது வண்டியை ஒட்டித்தான் வந்தீர்கள். என்ன மாப்பிள்ளை தட்டுற சத்தம் என்றுகூடக் கேட்டீர்கள். ஸ்பிரிங் என்றேன். கூப்பிட்டுக் கூப்பிட்டு இந்நேரம் தொண்டை கட்டியிருக்கும், பாவம்.

அவரை இறக்க நாலு பேர் வேண்டும். நண்பர்களுக்கு நான் இன்னும் சொல்லி அனுப்பவில்லை. இறங்கியதும் உங்கள் தங்கை வண்டியைப் பழையபடி தாழ்த்தச் சொல்வாள், அவர் நேராக வந்து முன் சீட்டில் உட்கார்ந்துகொள்வார். அதனால்தான் மச்சான், இதையெல்லாம் உங்களுக்கு இவ்வளவு நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.