மூடிய அறையில் பேசியது

இரவு பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். ஏரிக்கரைச் சாலை. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை... என் நண்பனுடைய சித்தப்பா, லிஃப்ட் மெக்கானிக், ஓர் ஆஸ்பத்திரியில் பாதியில் நின்றுபோன லிஃப்டை ஓடவைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். கையெல்லாம் கிரீஸ் வாடை.

போன் 'டிங்' என்றது. மகள் அறையில் மாட்டிய கேமரா. ஏதோ அசைகிறதாம்.

வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தார். ஆறு வயது மகள் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லுமே, அந்த ஸ்பீக்கர். நீல விளக்கு எரிகிறது. வாண்டு தூங்காமல் கதை கேட்கிறது பார் என்று சிரித்துக்கொண்டே சத்தத்தைக் கூட்டினார்.

ஸ்பீக்கரில் பேசியது... அவருடைய குரல்.

அதே கரகரப்பு. நடுநடுவே அதே செருமல்.

"உனக்கு ஒரு தம்பி இருந்தான், வாண்டு. பொறக்கும்போதே மூச்சு இல்ல. அம்மா அவனத் தொட்டுக்கூடப் பாக்கல..."

மகள் காதில் அந்தப் பேச்சு விழுந்ததே இல்லை. அவரும் மனைவியும் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அழுகையோடு அழுகையாகப் பேசியது. அந்த அறையிலும் ஒரு ஸ்பீக்கர் இருந்தது... காலையில் எழுப்பிவிட.

கேமரா வழியே பேசுகிற பொத்தானை அழுத்திப் போனுக்குள் கத்தினார். "வாண்டு! அப்பா பேசறேன்டா. எழுந்து அம்மாகிட்ட ஓடு!"

மகள் கேமராவை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க யாரு? அப்பாதான் இங்க பேசிட்டிருக்காரே... தம்பி வெளிய தனியா நிக்கறானாம். கூட்டிட்டு வரப் போறேன்."

படம் அறுந்துபோனது. மனைவிக்குப் போன் அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது... எடுக்கவில்லை. அப்புறம் எப்படி ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது.

வாசல் கதவு ஆவென்று திறந்துகிடந்தது. அதுவும் வாயால் சொன்னால் திறக்கிற பூட்டு. படியில் மகள், வெறுங்காலோடு, இருட்டைப் பார்த்து நிற்கிறாள். யார் கையையோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல் ஒரு கை மட்டும் மேலே...

வாரித் தூக்கினார். அந்த ஒரு கை மட்டும் ஐஸாக இருந்தது.

தூக்கக் கலக்கத்தோடு மனைவி எழுந்து வந்தாள். "என்னங்க ஆச்சு? 'நீ தூங்கு, பாப்பாவ நான் பாத்துக்கறேன்'னு இப்பத்தான காதுகிட்ட வந்து சொல்லிட்டுப் போனீங்க?"

அவர் நேரே உள்ளே போனார். கேமரா, ஸ்பீக்கர்கள், பூட்டு, எல்லாவற்றையும் பிடுங்கிச் சுத்தியலால் நொறுக்கி, வாளித் தண்ணீரில் போட்டார். மூன்று பேரும் ஒரே கட்டிலில், விளக்கை எரியவிட்டுப் படுத்தார்கள். அம்மாவும் பெண்ணும் அசந்துவிட்டார்கள். அவருக்குக் கண் மூடவில்லை.

விடிகிற நேரம்... லேசாகக் கண் சொருகியது. பக்கத்தில் ஏதோ முணுமுணுப்பு.

மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல, மெதுவாக...

"சரிப்பா... இவர் தூங்கினதும் வர்றேன்."