ஒன்பது பச்சை

வேணாம்மா, பையெல்லாம் எதுக்கு, காகிதப் பொட்டலமே போதும். மூணாவதா? ஆமா, மூணாவதுதான். மூக்கு மாதிரி ஒரு மிட்டாயைப் பண்ணி, அதுக்குள்ள பாகு வேற ஊத்தி வெச்சிருக்கீங்க. முதல் பொட்டலம் ருசி பாக்க. ரெண்டாவதைப் பொண்டாட்டிக்குன்னு வாங்கி நானே தின்னுட்டேன். இது எதுக்குன்னு இன்னும் யோசிக்கலை.

வேற எங்கயும் போகலைம்மா. இந்த ரோட்டைத் தாண்டணும், அவ்வளவுதான். பச்சை விழட்டும்னு நிக்கிறேன்.

சிரிங்க, சிரிங்க. உங்க பெல்ஜியத்துல, இந்த கென்ட் ஊருல ஈ காக்கா இல்லாத ரோட்டுல சிவப்பைப் பாத்துக்கிட்டு ஒருத்தன் நிக்கிறான்னா அவன் ஜெர்மன்காரனாத்தான் இருப்பான். அதுலயும் நான் லேசுப்பட்ட ஜெர்மன்காரன் இல்லை. ஹானோவர் பக்கம் ஒரு சின்ன ஊரு, அங்க நகராட்சியில போக்குவரத்துப் பிரிவுல முப்பத்தொரு வருஷம். எந்த முக்குல சிக்னல் நடணும், எத்தனை நொடி எரியணும்னு எழுதி எழுதியே தலை நரைச்சவன். நான் நட்டதை நானே மதிக்கலைன்னா எப்படி?

வந்து ஏழு நாளாச்சு. இன்னிக்குக் கடைசி. அஞ்சு பத்துக்கு ரயில். ஊரு சுத்திப் பாக்க வர்றவன் செருப்பு எடுத்துட்டு வருவான், நான் அட்டவணை எடுத்துட்டு வந்தேன். மணிக்கூண்டு ஒன்பதே கால். கோட்டை பதினொண்ணு. பெரிய கோயில்ல அந்தப் பழைய ஓவியத்துக்கு நாப்பது நிமிஷம். கெர்லின்டே, அதான் என் பொண்டாட்டி, ஓவியத்தைப் பாத்துக் கண்ணு கலங்கிட்டா. நான் கடிகாரத்தைப் பாத்துட்டு, ரெண்டு நிமிஷம் கூடிப்போச்சுன்னேன். வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டேம்மா. படகுல போனப்ப எந்தப் பக்கம் ஒதுங்கணும்னு படகோட்டிக்கே பாடம் எடுத்தேன்.

அட்டவணையில கடைசி நாள் மூணு மணிக் கட்டம் மட்டும் காலி. அதுல அவ பென்சிலால ஒரே சொல்லு எழுதியிருந்தா. காப்பி.

வந்துச்சா, பச்சையா? கவனிக்கலையே. உங்ககிட்டப் பேசிக்கிட்டிருந்தேன். இல்ல இல்ல, பாதிப் பச்சையில இறங்கக் கூடாதும்மா. அந்தச் சுற்றறிக்கையை எழுதினதே நான்தான்.

அதோ எதிர்ல, கோடு போட்ட துணி கட்டின காப்பிக்கடை. ஜன்னலோரம் நீலக் கோட்டு தெரியுதா, அவதான். கால் மணி நேரத்துக்கு முன்னாடி சிவப்புலயே விறுவிறுன்னு நடந்து போயிட்டா. நாப்பது வருஷமா என்கூட சிவப்புல நின்னவம்மா. பாதி ரோட்டுல திரும்பி, நான் முன்னால போறேன், நீங்க வாங்கன்னா.

ம்? பக்கத்துலயா? ஆமா, தாடி வெச்சிருக்கான். ஆமா, அழகாத்தான் இருக்கான்.

எங்க பையன்மா. டோர்பென். நான் அவனைப் பாத்துப் பதினோரு வருஷமாச்சு.

அப்ப டவுன் பஸ் ஓட்டப் பயிற்சி எடுத்துக்கிட்டிருந்தான். ஒருநாள் எங்க காரை எடுக்கிறப்ப எதிர்வீட்டுக்காரர் காரை உரசிட்டான். அவர் வீட்டுல இல்லை. பேரு, போன் நம்பர் எல்லாம் ஒரு சீட்டுல எழுதிக் கண்ணாடியில சொருகிட்டு நேரா என்கிட்ட வந்து சொன்னான். எங்க சட்டத்துல சீட்டு செல்லாதும்மா. அங்கயே காத்து நிக்கணும், இல்லைன்னா போலீசுக்குச் சொல்லணும். நான் சொல்லிட்டேன். அவன் சூப்பு குடிச்சு முடிக்கிறதுக்குள்ள போன் பண்ணிட்டேன். எதிர்வீட்டுக்காரர் வந்து, ஒரு கீறல்தானே, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேன்னு தலையில அடிச்சுக்கிட்டாரு. லைசென்ஸ் போச்சு, பஸ் வேலை போச்சு, அவனும் போயிட்டான். இங்கதான் சைக்கிள் கடை வெச்சிருக்கானாம்.

கோட்டையும் கோயிலும் பாக்க யாரும்மா வந்தா? இந்த மூணு மணிக்குத்தான் வந்தோம். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏழு நாளும் ரெண்டு பேரும் கோபுரத்தைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தோம்.

பச்சை ஒன்பது தடவை வந்துச்சும்மா. எண்ணிட்டேன். ஒவ்வொண்ணும் பதினெட்டு நொடி. நல்லாத்தான் வெச்சிருக்காங்க, ஒரு குறையும் சொல்ல முடியாது. காலுதான் எழும்பலை. பயமா இருக்கு. போய் என்னன்னு சொல்றது? எல்லாத்துக்கும் படிவம் வெச்சிருந்த ஆபீசுல, நான் பண்ணினது தப்புன்னு சொல்ல மட்டும் ஒரு படிவம் இல்லையே.

தெரியுது, இப்ப சிவப்புதான். பச்சை விழுந்தா பத்தாவதையும் எண்ணிக்கிட்டு இங்கயே நின்னுடுவேன், என்னை எனக்குத் தெரியும். புள்ளைங்க பாக்குறப்ப சிவப்புல தாண்டாதேன்னு எங்க ஊருல கம்பத்துலயே எழுதி ஒட்டியிருப்போம். இங்க பாக்குற புள்ளை ஒண்ணே ஒண்ணுதான். முப்பத்தாறு வயசு, தாடியோட ஜன்னலோரம் உக்காந்திருக்கு. பாக்கட்டும்.

அந்தப் பொட்டலத்தைக் குடுங்க, வெறுங்கையோட போகக் கூடாது.

இடது பக்கம் ஏதாச்சும் வருதாம்மா?