முறுக்கிய வெளிச்சம்

இலங்கையில் யுத்த காலம். பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து கண்டிக்கு வந்த பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த யாழ்ப்பாணத்து ஆராய்ச்சி மாணவர் பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னார்:

"வெளிச்சத்தை முறுக்கிப்போட்டன், அக்கா."

"என்னெண்டு?"

"கம்ப்யூட்டரில கோடுகள் கீறி, அதைச் சின்னப் பிலிமாக்கி, அதுக்குள்ளால லேசரை விட்டன். ஒளி திருகாணி மாதிரிச் சுத்திக்கொண்டு போகுது. சுவரில வளையமா விழுந்துது."

"யாழ்ப்பாணத்தில இருக்கிற உம்மட மனுசிக்கு எழுதினீரோ?"

"பிலிமையும் வைச்சு அனுப்பினன். கடிதம் மட்டும் போய்ச் சேந்துது. பிலிமை ஆமிச் சோதனையில எடுத்துப்போட்டாங்கள். யுத்தத்தால மூடின பாதை திறந்தா நானே இன்னொண்டைக் கொண்டுபோய்க் காட்டுவன்."

"அங்க கரண்டும் இல்லையே, தம்பி. லேசருக்கு என்ன செய்வீர்?"

அவர் ஜன்னல் கண்ணாடியில் விரலால் ஒரு வளையம் வரைந்தார்.

"பேப்பரில கீறிக் காட்டுவன். அவளுக்குப் பக்கத்தில இருந்து சொன்னாலே எனக்குப் போதும், அக்கா."