இடது முழங்காலருகே ஒரு விசை

குளிர்காலத்தில் வண்டிக் கதவின் பூட்டு உறைந்துபோவது மினசோட்டாவில் எல்லோருக்கும் உள்ள தொல்லைதான். அதனால்தான் என் பழைய பிக்கப்புக்கு மின்பூட்டு வாங்கினேன், அதிகாரி. ரிமோட் இரண்டு வந்தது. ஒன்றை என் மனைவி மார்லிஸிடம் கொடுத்தேன்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டியில் பேச்சு முற்றினால் அடுத்த சிக்னலில் இறங்கி நடந்துவிடுவாள். நான் பக்கத்திலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு போவேன். தூண்டில் புழு விற்கும் ஆர்வில் ஒருமுறை கடை வாசலிலிருந்தே கேட்டான்: "என்னப்பா வெர்லின், இன்னிக்கும் ஒன் பொண்டாட்டிக்குக் காவல் ஊர்வலமா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த வாரக் கடைசியில் மின்பூட்டை இயக்க ஒரு விசையைப் பொருத்தினேன். பெரிய வேலையில்லை. டாஷ்போர்டுக்கு அடியில், என் இடது முழங்காலருகே ஒரு துளை. அங்கிருந்து பூட்டுப் பெட்டிக்கு வயர். ரிமோட் என்றால் விளக்கெல்லாம் மினுங்கும். விசைக்கு அந்த ஆரவாரம் இல்லை. கதவுக்குள் சின்னதாக ஒரு தட்டல், அவ்வளவுதான். ரிமோட்டின் ரிசீவருக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டேன். அவள் பக்கத்துப் பூட்டுக் குமிழையும் எடுத்துவிட்டேன், அசிங்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்துக் கண்ணாடி முன்பிருந்தே இறங்காது.

என் கதவுக்கு ஏன் மோட்டார் வைக்கவில்லை என்று கேட்டீர்கள். எனக்குத்தான் கை இருக்கிறதே.

டுலூத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறேன், திரும்ப மாட்டேன் என்று மார்லிஸ் சொன்னாள். பேருந்து நிலையத்தில் விடுகிறேன் என்று ஏற்றிக்கொண்டு ஏரிக்கு வந்தேன். மார்ச் கடைசி. உறைந்த ஏரியின் மேல் வைத்திருந்த மீன்பிடிக் குடிசைகளை எல்லோரும் கரைக்கு இழுத்துவிட்டிருந்தார்கள். ஐஸ் கறுத்து இளகிவிட்டது, நடந்துகூடப் போகாதே என்று காலையிலேயே ஆர்வில் சொல்லியிருந்தான். அங்கே யாரும் குறுக்கிட மாட்டார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

ஏரிக்கரையில் வளர்ந்தவர்கள் வண்டியோடு ஐஸ் மேல் ஏறியதும், உடைந்தால் குதிக்க வசதியாகப் பெல்ட்டைக் கழற்றிக் கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்துக்கொள்வார்கள். யோசித்துச் செய்வதில்லை. அவள் கையும் தானாகக் கைப்பிடிக்குப் போனது. கதவு திறக்கவில்லை. பையிலிருந்து ரிமோட்டை எடுத்து அழுத்தினாள்.

"பேட்டரி போயிருச்சு போல," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். "வெர்லின், கதவத் தெற. ஐஸ் மேல இருக்கோம்."

"பேசி முடிச்சிட்டுத் தெறக்கறேன்."

"இன்னும் என்ன பேசணும்?"

"போகலன்னு சொல்லு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நடு ஏரியில் வண்டியை நிறுத்தினேன். அப்படி அவளோடு சும்மா உட்கார்ந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது.

ஐஸ் உடைந்தபோது முதலில் அவள் பக்கம்தான் சரிந்தது. தண்ணீர் அவள் காலடிக்கு வந்தது.

"போகல," என்றாள். "எங்கயும் போகல. தெற."

என் விரல் விசையின் மேல்தான் இருந்தது. ஆனால் அவள் அதை மனதாரச் சொல்லவில்லை. பயத்தில் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்ள முடியும்?

என் கதவு மேலே இருந்தது. திறந்து ஏறினேன். அவள் என் கோட்டைப் பிடித்தாள்; விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். வெளியே வந்ததும் கதவைச் சாத்தி, தண்ணீர் மேலே வரும்வரை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

வெளியே காற்று அப்படி அடித்தது. உள்ளே அவளுக்குக் குளிரக் கூடாதே.