மணம் பார்த்துச் சொன்னவன்

விஸ்கியில் தண்ணீர் சேர்ப்பது பாவம் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. அரைத் தேக்கரண்டி போதும். உள்ளே ஒடுங்கிக் கிடக்கும் மணத்தை அது மெல்ல அவிழ்த்துவிடும். பிறகு கிளாஸின் வாயைச் சிறிய பீங்கான் தட்டொன்றால் மூடிவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும். அவசரப்படுபவனுக்கு ஸ்பிரிட்டின் காரம் மட்டுமே கிடைக்கும். பொறுத்தவனுக்குத் தேனும், முந்திரிகை வற்றலும், பழைய மர அலுமாரியைத் திறந்தால் வருமே, அந்த வாசனையும் கிடைக்கும்.

நீங்கள் கேட்டது கப்டன் யோகராசாவின் மரணத்தைப் பற்றி. நான் விஸ்கியில் தொடங்குகிறேன். வேறெங்கிருந்து தொடங்கினாலும் உங்களுக்கு விளங்காது. இடையிடையே நான் எழுந்து நடப்பதற்கும் அனுமதி தாருங்கள். இப்போதெல்லாம் எந்தக் கதிரையிலும் என்னால் நெடுநேரம் அமர்ந்திருக்க முடிவதில்லை.

நான் இளைப்பாறிய இரசாயன ஆசிரியன். ஊர் என்னை மாஸ்டர் என்றுதான் அழைக்கிறது. ஒரு பிள்ளையையேனும் நான் அடித்ததில்லை. பிழை செய்த பிள்ளையை வகுப்பின் நடுவே எழுப்பி நிறுத்தியதுமில்லை. ஒரு கதை சொல்வேன், அந்தக் கதைக்குள் அந்தப் பிள்ளை தன்னைக் கண்டுகொள்ளும். பிறரை வெட்கப்பட வைப்பது எனக்கு ஏலாத காரியம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மிகுதியைக் கேளுங்கள்.

யோகராசா நமது துறைமுகத்தில் இழுவைப் படகின் கப்டனாக இருந்தவர். உப்புவெளியில் அவருடைய வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை மாலைகளில் மூவர் கூடுவோம். மூன்றாமவர் இராசதுரை, வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஈரல் கெட்டுவிட்டது, இனித் தொடக்கூடாது என்று வைத்தியர் அவருக்குச் சொல்லிவிட்டார். ஆகவே ஊற்றும் பொறுப்பை அவரிடம் கொடுத்தோம். குடிக்க முடியாதவன் ஊற்றினால் வஞ்சகம் இராது என்பது எங்கள் எண்ணம்.

நாங்கள் இந்திய சிங்கிள் மால்ட் தவிர வேறெதையும் வாங்குவதில்லை. தெரிவு என்னுடையது. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ யாராவது வரும்போது இன்ன போத்தல் என்று சொல்லிவிடுவேன். பலர் லேபிளில் வயதைத் தேடுகிறார்கள். அது குளிர்நாட்டுப் பழக்கம். நமது வெயிலைப் போன்ற வெயிலில் பீப்பாய்க்குள் இருப்பது ஆண்டுதோறும் பெருமளவு ஆவியாகிப் போய்விடும். எஞ்சுவது இளமையிலேயே முதிர்ந்துவிடும். ஆகவே வயதை விடுங்கள், எந்தப் பீப்பாயில் கிடந்தது என்று பாருங்கள், நிறம் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். நாங்கள் போத்தல்களை அவை வடிக்கப்பட்ட ஊரின் பெயராலேயே அழைத்தோம்: பெங்களூர், கோவா, ஹரியானா.

இராசதுரை குசினிக்குள் ஊற்றி, தட்டால் மூடிக் கொண்டுவந்து வைப்பார். முதல் மிடறுக்கு முன்பே, மணத்தை மட்டும் கொண்டு, எந்த ஊர் என்று சொல்ல வேண்டும். முந்திச் சொல்பவருக்கே அன்றைய பெருமை. அந்தப் பெருமை எப்போதும் கப்டனுக்கே போயிற்று. நான் வாயைத் திறக்கப் போகும் கணத்தில் அவர் சொல்லிவிடுவார், அதுவும் நான் சொல்லவிருந்த அதே ஊரை. நமது ஊரில் இரண்டு நல்ல மூக்குகள் இருக்கின்றன என்று நான் மகிழ்ந்திருந்தேன்.

இவ்வருடம் அவருடைய மனைவி கோணேஸ்வரி, மகள் பிரியதர்சினியின் பிள்ளைப்பேற்றுக்காக மட்டக்களப்புக்குப் போயிருந்தார். ஒருநாள் காலை நடைப்பயிற்சிக்குப் போகும் வழியில் கப்டனின் வீட்டுக்குள் நுழைந்தேன். அடுப்பில் சோறு கருகிக்கொண்டிருந்தது. தெருவரைக்கும் அந்த மணம். அவரோ குசினி வாசலில் கதிரையைப் போட்டுப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். அடுப்பை அணைத்துவிட்டு நான் அவரைப் பார்த்தேன். அவர் முதலில் சட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"முந்தி வந்த காய்ச்சலோட மூக்குச் செத்துப்போச்சு, மாஸ்டர்" என்றார். "விஸ்கியெண்டா நெஞ்சு எரியிறது மட்டும்தான் தெரியும்."

அப்படியானால் ஊர்களை எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"உங்கட முகத்தைப் பாத்துத்தான். புகை மணமெண்டா உங்கட இடது புருவம் ஏறும். கோவாவெண்டா வாயோரத்தில ஒரு சிரிப்பு வரும். முப்பது வருசம் தண்ணியின்ர முகத்தைப் பாத்துக் கப்பல் இழுத்தவன் நான். உங்கட முகம் பெரிய வேலையே?"

அவர் வெட்கத்தோடு சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு உண்மையானது என்றே இன்றும் நம்புகிறேன்.

யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக் கேட்டார். கோணேஸ்வரி அறிந்தால், தனியே விடமுடியாது என்று மட்டக்களப்புக்கே கூட்டிப் போய்விடுவார், துறைமுகத்தைப் பாராமல் தன்னால் இருக்க முடியாது என்றார். சம்மதித்தேன். ஆனால் ஆசிரியன் என்ற முறையில் ஒன்றை விளக்கினேன். அடுப்புக் காஸுக்கு இயல்பில் மணம் இல்லை. கசிந்தால் மனிதர் அறிந்து தப்ப வேண்டும் என்பதற்காகவே அழுகல் மணமொன்றை அதில் சேர்த்து அனுப்புகிறார்கள். மூக்கில்லாதவனுக்கு அந்த எச்சரிக்கை போய்ச் சேராது. ஆகவே நாள்தோறும் நடைக்குப் போகும்போது நான் பின்கதவால் வந்து, சிலிண்டரின் அருகில் மணந்து பார்த்துச் சொல்வதென்றும், அதன் பிறகே அவர் அடுப்பைப் பற்றவைப்பதென்றும் ஏற்பாடு செய்துகொண்டோம்.

அவர் அதை ஒருநாளும் மீறவில்லை. கேத்திலை வைத்துவிட்டுக் காத்திருப்பார். "எப்பிடி மாஸ்டர்?" என்பார். "ஒண்டுமில்லை, பத்தவையுங்கோ" என்பேன். என் தேநீரும் அந்தக் கேத்திலிலிருந்தே வரும்.

மீண்டும் எழுந்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த யன்னலைத் திறந்துவிட முடியுமா? நன்றி.

உப்புவெளியில் புதிதாகத் திறந்த ஹோட்டலின் முகாமையாளர் ஜதுர்சன் என்னுடைய மாணவன். இந்தியாவிலிருந்து வரும் விருந்தினருக்காகத் தங்கள் பாரில் எந்தெந்த இந்திய மால்ட்களை வைப்பது என்று ஆலோசிக்க ஒரு சனிக்கிழமை எங்களிடம் வந்தான். அன்று கப்டன் மூடிய கிளாஸ்கள் அனைத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சரியாகச் சொன்னார். அதாவது, நான் மணந்தேன், அவர் சொன்னார். ஜதுர்சன் வியந்துபோனான். விருந்தினர் முன்னிலையில் ஒரு மாலை நிகழ்ச்சி, கப்டன் மணந்து தெரிவு செய்பவையே பாரில் இடம்பெறும் என்று அங்கேயே முடிவாயிற்று. போகும்போது என் பக்கம் திரும்பி, "மாஸ்டர், நீங்களும் வாங்கோ, கப்டனுக்குத் துணையா" என்றான். பணிவாகத்தான் சொன்னான். வளர்ப்பில் குறையில்லாத பிள்ளை.

அதன் பிறகு நான் முகச்சவரம் செய்யும் கண்ணாடியின் முன் நின்று ஒரு பயிற்சியைத் தொடங்கினேன். வெட்டிய வெங்காயம், கருவாடு, ஸ்பிரிட், ஊதுபத்தி ஆகியவற்றை ஒவ்வொன்றாக மணந்து பார்த்து, முகம் அசையாமல் இருக்கப் பழகினேன். எண்ணியதைவிடக் கடினமான காரியம் அது. புருவம் தானாகவே ஏறும். போட்டி நியாயமாக நடக்க வேண்டும் என்பதைத் தவிர அப்போது வேறு நோக்கம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

முகம் வசப்பட்ட பின் வந்த சனிக்கிழமை, கப்டன் கோவாவைப் பெங்களூர் என்றார். பிறகு பெங்களூரை ஹரியானா என்றார். இராசதுரைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என்ன கப்டன், இண்டைக்குக் கப்பல் தரைதட்டிட்டுது போல" என்று வெகுநேரம் சீண்டிக்கொண்டிருந்தார். இராசதுரை எழுந்து போன பின், கப்டன் என் அருகில் வந்து அமர்ந்தார்.

"முகத்தை ஏன் மாஸ்டர் இரும்புப்பெட்டி மாதிரிப் பூட்டி வைச்சிருக்கிறியள்? ஹோட்டல்ல இப்பிடிச் செய்திராதேங்கோ. இத்தினை சனத்துக்கு முன்னால மானம் போனா நான் பிறகு உப்புவெளியில இருக்கேலாது."

அப்படிச் செய்யமாட்டேன் என்று வாக்களித்தேன். அதோடு ஒரு கதையும் சொன்னேன். நமது ஊர்க் கோட்டைக்குள் திரியும் மான்களில் ஒன்றுக்குக் காது கேட்காமல் போயிற்று. அது மற்றொரு மானின் காதுகளையே பார்த்துக்கொண்டு நிற்கும். அவை நிமிர்ந்தால் இது முதலில் பாயும். கூட்டம் முழுவதும் செவிட்டு மானின் செவியைப் புகழ்ந்தது. ஒருநாள் வேட்டைநாயின் காலடி கேட்டபோது, கேட்ட மான் தன் காதுகளை நிமிர்த்தவில்லை. அவ்வளவுதான் கதை. கப்டன் தொடையில் தட்டிச் சிரித்தார். "பிறகென்ன நடந்தது?" என்று கேட்டார். முடிவை மாணவனே யோசிக்க வேண்டும் என்பது என் வழக்கம் என்றேன். ஆகவே, எச்சரிக்காமல் செய்தேன் என்று எவரும் சொல்ல முடியாது.

நிகழ்ச்சிக்கு முந்திய நாள் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பலமாக வீசியது. பின்படியில் கால் வைத்ததுமே எனக்கு மணம் வந்துவிட்டது. உள்ளே அது அடர்ந்திருந்தது. ரப்பர் குழாயை எலி கடித்திருக்கலாம், நான் அதைத் தொடவில்லை. கேத்தில் அடுப்பில் இருந்தது. தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கப்டன் காத்திருந்தார்.

"எப்பிடி மாஸ்டர்?"

வழக்கம்போல் என் முகத்தைப் பார்த்தார். நான் சிலிண்டரின் பக்கம் குனிந்து, செய்ய வேண்டிய முறைப்படியே மணந்தேன். பிறகு நிமிர்ந்து அவர் பார்க்கும்படி நின்றேன்.

"ஒண்டுமில்லை" என்றேன்.

பற்றவையுங்கள் என்று அன்று நான் சொல்லவில்லை. இந்த வேறுபாட்டை நீங்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். யன்னல் சிறிது திறந்திருந்தது. புழுதி வருகிறது என்று சொல்லி அதைச் சாத்தினேன். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கோ என்று அவர் அழைத்தார். வெயில் ஏறுமுன் நடக்க வேண்டும் என்று சொல்லி வெளியே வந்து, கதவையும் இழுத்து மூடினேன். கரையில் ஏற்றிவைத்த வள்ளங்களை நெருங்கும்போது சத்தம் கேட்டது. வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். இந்த வயதில் ஓடுவது இதயத்துக்கு நல்லதல்ல. நான் நடந்தே திரும்பினேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். மறுநாள் மாலை நான் முகத்தைத் திறந்து வைத்திருந்தால், அவர் என் மூக்கால் வென்றிருப்பார். அது பொய். மூடி வைத்திருந்தால் அவருடைய மானம் போயிருக்கும். அது கொடுமை. இந்த இரண்டும் எனக்கு உவப்பானவையல்ல. மூன்றாவது வழி நான் தேடிப் போனதல்ல, அது குசினிக்குள் தானாகவே வந்து நின்றது. அவர் ஊர் போற்றும் மூக்கோடு போய்ச் சேர்ந்தார். நான் அவருக்குச் செய்த கருணையாகவே அதைக் கருதினேன்.

விபத்து என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். நானும் பாடையின் ஒரு பக்கத்தைத் தாங்கிப் போனேன். ஹோட்டல் நிகழ்ச்சியைத் தள்ளிவைத்து, பின்னர் கப்டனின் நினைவாக நடத்தினார்கள். மௌன அஞ்சலி செலுத்த வேண்டும் என்று கேட்டவன் நானே. ஐந்து கிளாஸ்கள் வைத்தார்கள். ஐந்தையும் சரியாகச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். திரும்பி வரும் வழியில் இராசதுரை மட்டும், "கப்டன் இருந்திருந்தா உங்களுக்கு முந்திச் சொல்லியிருப்பார்" என்றார். அன்று முதல்தான் எனக்கு இந்தத் தவிப்பு. படுத்தால் எழுகிறேன், எழுந்தால் நடக்கிறேன். நடக்கும் தெருவெல்லாம் காஸ் மணக்கிறது. பிறர் வீட்டு வாசலில் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்க்கிறேன், அங்கே ஒன்றுமில்லை.

நேற்றுக் கோணேஸ்வரி என்னை அழைத்தார். உப்புவெளி வீடு எரிந்துபோனதால் லிங்கநகரில் வாடகை வீடொன்றில் இருக்கிறார். புதிய சிலிண்டர் வாங்கியிருக்கிறார், பற்றவைக்கப் பயமாக இருக்கிறதாம். நான் போய் மணந்து பார்த்து, ஒன்றுமில்லை என்றேன். உண்மையாகவே ஒன்றுமில்லை. அவர் அடுப்பின் பக்கம் போகவில்லை.

"அவர் எனக்குச் சொன்னவர், மாஸ்டர்" என்றார். "போனில, எல்லாம் சொன்னவர். மாஸ்டர் மணந்து சொன்னாத்தான் பத்தவைப்பன், நீ பயப்பிடாதை எண்டு." என் பக்கம் திரும்பினார். "அண்டைக்கும் வந்தனீங்களோ?"

நான் முகத்தை அசைக்கவில்லை. கண்ணாடி முன் பழகியபடியே வைத்திருந்தேன். அவர் அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு தீப்பெட்டியை எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, போங்கோ என்று மட்டும் சொன்னார்.

இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு நானாகவே வந்தேன் என்று பதிவு செய்யுங்கள். கோணேஸ்வரி வருவதற்கு முன்பே வந்தேன். காஸ் கசிவதை அறிந்துகொண்டே ஒன்றுமில்லை என்றேன், கப்டன் பற்றவைப்பார் என்பதை அறிந்தே யன்னலைச் சாத்தினேன். இவற்றையும் எழுதுங்கள், மறுக்கமாட்டேன். கருணை என்ற சொல் உங்களுக்குப் பொருத்தமாகத் தோன்றாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடலாம். ஆனால் ஹோட்டலில் அந்த ஐந்தையும் எவருடைய முகத்தையும் பாராமல் நான் சரியாகச் சொன்னேன் என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.