பதிப்பாசிரியர்

— அட்டையில மபாஸாட பேர் எங்க, ஃபஸ்லான் சேர்?

— இரிங்க தம்பி ரிஷாத். கரைத்தீவில இருந்து இந்த வெயிலுக்க வந்திரிக்கீங்க. மொதல்ல தண்ணி குடிங்க.

— என்ட பொஞ்சாதிட பேர் எங்க?

— ஹவ்வா உம்மாட பேர் பெரிசா இரிக்கே, பாருங்க. நூறு வருசத்துக்கு முந்தி கற்பிட்டியில கதை எழுதின பொம்புள. அவவத்தானே நாங்க உலகத்துக்குக் காட்டுறோம்?

— நாங்களா? பழைய கிதாபெல்லாம் சாக்குல கட்டி, கால்ல படக் கூடாது எண்டு களப்புத் தண்ணியில தாழ்க்கப் பள்ளிவாசல்ல வெச்சிருந்தாங்க. அந்தச் சாக்க அவுத்தது ஆரு?

— மபாஸா.

— அரபு எழுத்தக் கண்டதும் ஓதுற கிதாபு எண்டு எல்லாரும் முத்தம் குடுத்து வெச்சாங்க. உள்ளுக்க இரிக்கிறது தமிழ், அதுவும் கதை எண்டு கண்டது ஆரு?

— அவதான். பன்னெண்டு வயசுல கிழவனுக்குக் கட்டிக் குடுத்தாங்க எண்டு ஹவ்வா உம்மா ஊரையே ஏசி எழுதியிரிக்கா. அதப் போய் ஊரே தலைக்கு மேல வெச்சி முத்தியிரிக்கி, பாருங்க!

— சிரிக்காதீங்க சேர். ரெண்டு வருசம் எழுத்தெழுத்தாப் பாத்துத் தமிழ் எழுத்துக்கு மாத்தினா. கடைசிக் கதைய புள்ளத்தாச்சியா ஆஸ்பத்திரிக் கட்டில்ல முடிச்சா. பொறகு உசிரில்லாம ஜனாஸாவாத்தான் வீட்டுக்கு வந்தா.

— அல்லாஹ் அவட கபுற வெளிச்சமாக்கட்டும்.

— துஆ வேணாம். பதிப்பாசிரியர் ஃபஸ்லான் எண்டு அடிச்சிரிக்கீங்களே, அரபுத் தமிழ்ல ஒரு வரி வாசிப்பீங்களா நீங்க?

— இல்ல.

— வெக்கமில்ல?

— இரிக்கி. சத்தம் போடாதீங்க தம்பி, பக்கத்து வகுப்பில புள்ளைகள் இரிக்கி.

— கேக்கட்டும்! ஹவ்வா உம்மாட பேரையும் இப்படித்தான் வீட்டு ஆம்புளைகள் மறைச்சாங்க. வீடு வீடாப் போய் அந்தப் பேரக் கண்டுபுடிச்சதும் மபாஸா. இப்ப அவட பேர நீங்க திண்டுட்டீங்க.

— வெள்ளிக்கிழமை வெளியீடு. முந்நூறு பிரதியும் அடிச்சாச்சி, பாருங்க...

— அவ்வளவையும் வெங்காயத் தோட்டத்தில குவிச்சி எரிப்பேன்.

— சரி தம்பி. இந்த மேசை லாச்சிக்குள்ள ஒரு கடிதம் இரிக்கி. உங்களுக்குக் காட்டவே கூடாது எண்டுதான் இருந்தேன். இந்தாங்க.

— இது மபாஸாட எழுத்து.

— வாசிங்க.

— "சேர், பதிப்பாசிரியர் எண்டு உங்கட பேரையே போடுங்க. போன முறை பேப்பர்ல என்ட பேர் வந்ததுக்கு, ரிஷாத் மூணு நாள் நான் ஆக்கின சோத்தத் தொடல்ல."